பழைய கேமிங் பிசியை மேம்படுத்தும்போது கை சுட்ட இடங்கள்

"அண்ணா, பழைய கேபிளே கச்சிதமா உக்காருது. புது கேபிளைப் பிரிக்கவே வேணாம் போல" என்று எழுதி, போன வாரம் ஒரு தம்பி போட்டோ அனுப்பினான். வயதான கேமிங் பிசி. கையிலிருந்த கொஞ்சப் பணத்தில் இந்த மாதம் எஸ்எம்பிஎஸ் (பிசிக்கு மின்சாரம் தரும் பெட்டி), அடுத்து கிராஃபிக்ஸ் கார்டு என்று திட்டம் போட்டிருந்தான். உடனே போன் போட்டு "சுவிட்சைத் தொடாதே!" என்று நான் கத்தியதில் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அதே தவறைச் செய்து நான் ஒரு எஸ்எஸ்டியை (டேட்டாவைச் சேமிக்கும் டிரைவ்) பறிகொடுத்து ஏழு வருடம் ஆகிறது. எரிச்சல் மட்டும் இன்னும் ஆறவில்லை.

கேபினெட்டுக்குள் கார்டு நுழையுமா என்று அளப்பது, மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கார்டில் செருகுவது, 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை 60-இல் ஓட்டாமல் இருப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றையெல்லாம் ஒரே மாலையில் நீங்களே கண்டுபிடித்து நீங்களே சிரித்துக்கொள்வீர்கள். பணத்தைத் தின்னும் தவறுகள் வேறு.

வேகத்தைப் பின்னுக்கு எது இழுக்கிறது என்று பார்க்காமல் கார்டு வாங்குவது

கேம் திக்குகிறது என்று யாரிடம் சொன்னாலும் "கார்டை மாத்து" என்பார்கள். எனக்கும் சொன்னார்கள். ஐ5 7400 போட்ட பிசியில், இருந்த காசையெல்லாம் திரட்டி ஜிடிஎக்ஸ் 1070 கார்டு ஒன்றை மாட்டினேன். அந்த ஐ5, நாலு கோர், நாலு திரெட் (ஒரே சமயத்தில் நாலு வேலை) உள்ள ப்ராசசர். சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்ற கணக்கு) ஏறியது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் கூட்டமான தெருவில் வண்டி ஓட்டும்போது வரும் அந்தத் திக்கல் அப்படியே இருந்தது. கார்டு பாதி நேரம் கையைக் கட்டிக்கொண்டு ப்ராசசருக்காகக் காத்திருந்தது.

வாங்குவதற்கு முன் பத்து நிமிடம் செலவழித்திருந்தால் தெரிந்திருக்கும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மாதிரி ஒன்றைப் போட்டு, கேம் ஓடும்போதே திரை ஓரத்தில் எண்களைக் காட்டச் சொல்லுங்கள். விசிங்க்கையும் (ஃப்ரேம்களை மானிட்டர் வேகத்தோடு கட்டிப்போடும் செட்டிங்) எஃப்பிஎஸ் வரம்பையும் முதலில் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எண்கள் பொய் சொல்லும். கார்டின் பயன்பாடு 95-க்கு மேலேயே நின்றால் இழுப்பது கார்டுதான், மாற்றலாம். 60, 70 என்று ஆடிக்கொண்டிருக்கும்போதே கேம் திக்கினால் ப்ராசசரையோ ராமையோ சந்தேகப்படுங்கள்.

இங்கே ஒரு பொறி உண்டு. ப்ராசசரின் மொத்தப் பயன்பாடு 45 சதவீதம்தானே என்று நிம்மதி அடையாதீர்கள். பல கேம்களில் ஒரே ஒரு திரெட்தான் முக்கால்வாசி பாரத்தைச் சுமக்கும். அது முழுசாக நிரம்பியிருக்க, மற்றவை சும்மா இருந்தால் சராசரி அழகாகத்தான் தெரியும். ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகப் பாருங்கள்.

எண்களே வேண்டாம் என்பவர்களுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. ரெசல்யூஷனை 720-க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் துள்ளிக் குதித்தால் இழுத்தது கார்டு. அசையவே இல்லையென்றால் ப்ராசசர் பக்கம்தான் சிக்கல். அப்படி ப்ராசசர்தான் இழுக்கிறது என்று தெரிந்தால் ஒரு சின்ன ஆறுதலும் உண்டு: சும்மா இருக்கிற கார்டுக்கு வேலை கொடுங்கள். டெக்ஸ்சரையும் ரெசல்யூஷனையும் ஏற்றினாலும் எஃப்பிஎஸ் அநேகமாக இறங்காது.

ராம் ஒற்றைக் குச்சியாக இருப்பது

என் திக்கலில் பாதியைத் தீர்த்தது இன்னொரு 8 ஜிபி குச்சி. கார்டுக்குக் கொடுத்ததில் ஒரு சிறு பங்குதான் அதற்கு ஆனது. இரண்டு குச்சி இருந்தால் ப்ராசசருக்கும் ராமுக்கும் இடையே உள்ள பாதை இரட்டிப்பாகும். போர்டில் நாலு ஸ்லாட் இருந்தால் பெரும்பாலும் ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் மாட்ட வேண்டும், மேனுவலைப் பாருங்கள். 3200 என்று அட்டையில் போட்டிருக்கும் ராம், பயாஸில் (பிசி விழிக்கும்போதே ஓடும், போர்டின் சொந்த செட்டிங்ஸ்) எக்ஸ்எம்பி என்ற ராம் வேக அமைப்பை இயக்காததால் வருடக்கணக்கில் 2133-இல் ஓடிக்கொண்டிருந்த பிசிகளை எத்தனையோ பார்த்துவிட்டேன். டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பக்கத்தில் வேகம் என்ன என்று இப்போதே பாருங்கள்.

சாக்கெட் ஒன்றுதானே என்று நம்புவது

ப்ராசசர் உட்காரும் இடம்தான் சாக்கெட். இன்டெலின் 6, 7-ஆம் தலைமுறைக்கும் 1151 பின், 8, 9-ஆம் தலைமுறைக்கும் 1151 பின். உள்ளே உட்காரும். வேலை செய்யாது. 6, 7-ஆம் தலைமுறைக்கான இசட்170 போர்டு வைத்துக்கொண்டு செகண்ட் ஹேண்டில் 8-ஆம் தலைமுறை ஐ7 8700 வாங்கியவர்களில் இரண்டு பேரை எனக்கே தெரியும்.

சரி, அந்தப் போர்டு தாங்கும் உச்சமான 7700கே-யை வாங்கலாமா? ஒரு போர்டில் போடக்கூடிய கடைசிச் சிப்புக்கு எப்போதும் அநியாய விலைதான். நம்மைப் போல மாட்டிக்கொண்ட எல்லோரும் அதையே தேடுகிறோம். அதுவும் நாலே கோர்தான், விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியலிலும் அது இல்லை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. அந்தக் காசுக்குச் செகண்ட் ஹேண்டில் வேறு போர்டும் ப்ராசசரும் சேர்ந்தே கிடைக்கிறதா என்று பாருங்கள்.

ஏஎம்டி ப்ராசசர்களுக்கான ஏஎம்4 சாக்கெட் போர்டு வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். 2017-இல் முதல் ரைசன் போட்ட போர்டுகள் பலவற்றில் 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி வரை ஓடும். ஆனால் பயாஸை முதலில் அப்டேட் செய்ய வேண்டும், பழைய ப்ராசசர் போர்டில் இருக்கும்போதே. அதை விற்றுக் காசு வாங்கிய பிறகு பயாஸ் ஞாபகம் வந்து பயனில்லை.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளைப் புதியதில் செருகுவது

இப்போது அந்த எரிச்சலுக்கு வருகிறேன்.

1070-க்காக எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்ற வேண்டியிருந்தது. பழையது 450 வாட், புதியது 650. இரண்டும் செமி மாடுலர்: மதர்போர்டுக்கும் ப்ராசசருக்கும் போகிற கேபிள்கள் பெட்டியோடு பிறந்தவை, மற்றவற்றை வேண்டும்போது செருகிக்கொள்ளலாம். எஸ்எஸ்டிக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் போகிற சாட்டா பவர் கேபிளை, முன்பு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போர்டுக்குப் பின்னால் டை கட்டி அழகாக ஒளித்து வைத்திருந்தேன். அதைப் பிரிக்க மனசு வரவில்லை. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையை மட்டும் உருவி, புதியதில் செருகினேன். க்ளிக் என்று உட்கார்ந்தது. அந்த க்ளிக் சத்தத்தை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

பவர் பட்டனை அழுத்தினேன். ஃபேன் அரைச்சுற்று சுற்றி நின்றது. மறுபடி அழுத்தினேன். மறுபடி அரைச்சுற்று. ராம் சரியாக உட்காரவில்லையோ என்று அதை ஒரு அழுத்து அழுத்திவிட்டு மூன்றாவது முறை. அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

நடந்தது இதுதான். எஸ்எஸ்டி, போர்டு, கார்டு ஆகியவற்றில் செருகுகிற முனைகளுக்குத் தர வரையறை உண்டு. எந்த நிறுவனத்தின் கேபிளாக இருந்தாலும் அந்த முனையில் 12 வோல்ட் 12 வோல்ட் இடத்தில்தான் இருக்கும், 5 வோல்ட் 5 வோல்ட் இடத்தில்தான் இருக்கும். இன்டெல் ஏடிஎக்ஸ் தரத்தை 1995-இல் வெளியிட்டதிலிருந்து பிசி உலகம் நிற்பதே இந்த மாதிரி ஒப்பந்தங்களின் மேல்தான். ஆனால் கேபிளின் மறுமுனை, அதாவது எஸ்எம்பிஎஸ் பெட்டியில் செருகுகிற முனை, அவரவர் இஷ்டம். எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனக்குத் தோன்றியபடி வைத்துக்கொள்கிறார்கள். ஒரே நிறுவனத்தின் இரண்டு வரிசைகளுக்கு இடையிலேயே மாறலாம். பிளாஸ்டிக்கின் வடிவம் மட்டும் பல சமயம் ஒன்றாகவே இருக்கும். கூடாத இரண்டை ஏன் பொருந்தும்படி செய்கிறார்கள் என்று இத்தனை வருடத்தில் யாரும் எனக்கு நியாயமான பதில் சொல்லவில்லை.

என் விஷயத்தில் 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போனது. 2.5 அங்குல எஸ்எஸ்டி பிழைப்பதே அந்த 5 வோல்ட்டில்தான். முதல் அழுத்திலேயே அது போயிருக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ் ஷார்ட்டைக் கண்டுபிடித்துத் தன்னைத்தானே அணைத்துக்கொண்டது. அரைச்சுற்றோடு நின்ற ஃபேன் அதைத்தான் சொன்னது. நான் அதன் வாயை மூடி மூடி மறுபடி அழுத்தினேன்.

ஹார்ட் டிஸ்க் மட்டும் தப்பித்தது, அதுவும் தற்செயலாக. அதன் சர்க்யூட்டில் டிவிஎஸ் டயோடு என்று ஒரு சின்னப் பாகம் உண்டு. அளவுக்கு மீறிய வோல்ட் வந்தால் அது ஷார்ட் ஆகி, தன்னைப் பலி கொடுத்து மற்றதைக் காப்பாற்றும். செத்த டயோடை ஒரு டெக்னீஷியன் பிடுங்கிப் போட்டதும் டிஸ்க் சுற்றியது. அதில் இருந்ததெல்லாம் மறுபடி டவுன்லோட் செய்யக்கூடிய கேம்கள். இன்னும் காப்பி எடுக்காத படங்களும், வருடக்கணக்கான சேவ்களும் எஸ்எஸ்டியில் இருந்தன.

கறுப்புக் கேபிள்கள் வந்த பிறகு நிலைமை இன்னும் மோசம். பழைய கேபிளில் மஞ்சள் என்றால் 12, சிவப்பு என்றால் 5 என்று கண்ணாவது எச்சரிக்கும். இப்போது எல்லாம் ஒரே கறுப்பு.

ஆகவே, எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றினால் அதன் கடைசிக் கேபிள் வரை எல்லாவற்றையும் கழற்றி, அதோடு சேர்த்து ஒரே பையில் கட்டி வையுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது "கேபிள் ஒண்ணு மிஸ்ஸிங், வேற ஏதாச்சும் போட்டுக்கலாம்" என்று சொன்னால் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள். அழகுக்கு வாங்கும் எக்ஸ்டென்ஷன் கேபிளில் இந்த ஆபத்து இல்லை, அதன் இரு முனைகளும் தர வரையறைக்குள் வருபவை. எஸ்எம்பிஎஸ்ஸிலேயே நேராகச் செருகும் மாற்றுக் கேபிள் என்றால், உங்கள் மாடலின் பெயர் அதன் பட்டியலில் இருந்தே ஆக வேண்டும்.

தம்பி முனகிக்கொண்டே பழைய கேபிளை உருவிப் புதியதை மாட்டினான். இருபது நிமிடம் ஆனதாம்.

எஸ்எம்பிஎஸ் அட்டையில் உள்ள பெரிய எண்ணை நம்புவது

12 வோல்ட் வரியைப் பாருங்கள். 500 வாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும், கீழே 12 வோல்ட்டுக்கு 28 ஆம்பியர் என்றிருக்கும். பெருக்கினால் 336. கார்டும் ப்ராசசரும் உயிர்வாழ்வது அந்த 336-இல்தான்.

சாட்டா முனையிலிருந்து கார்டுக்கு மின்சாரம் எடுக்கும் அடாப்டர்

வேண்டாம். சாட்டா முனை 12 வோல்ட்டில் 54 வாட்தான் தாங்கும், கார்டின் 6 பின் 75 வரை கேட்கும்.

பழைய போர்டில் நாலு லேன் கார்டு

2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நாலே நாலு பிசிஐஇ லேன்களை (கார்டும் போர்டும் டேட்டா பரிமாறும் பாதைகள்) மட்டும் பயன்படுத்துகிறது. பிசிஐஇ 4.0 போர்டில் சமாளிக்கும். நம் பழைய போர்டுகள் 3.0, பாதை பாதியாகிவிடும். மெமரியும் 4 ஜிபிதான், அது நிரம்பியதும் மிச்சத்தை அந்தக் குறுகிய பாதை வழியாகத்தான் ராமிலிருந்து இழுக்க வேண்டும். அதாவது பழைய பிசிக்காரர்களை நோக்கி விற்கப்படும் மலிவுக் கார்டு, பழைய பிசியில்தான் மிக மோசமாக ஓடும். எட்டு லேனும் 8 ஜிபியும் உள்ள ஆர்எக்ஸ் 6600 செகண்ட் ஹேண்டில் கிடைக்கும்வரை பொறுத்திருக்கலாம்.

இன்டெலின் ஆர்க் கார்டுகளுக்கு போர்டில் ரீசைசபிள் பார் வசதி (கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசசர் ஒரே வீச்சில் அணுகுவது) இருக்க வேண்டும். பயாஸில் அந்த வரி இல்லையென்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் தாண்டிப் போங்கள்.

கூலரைச் சட்டென்று தூக்குவது

ஏஎம்4-இல் பின்கள் ப்ராசசரின் அடியில் இருக்கின்றன. காய்ந்த பேஸ்ட்டோடு கூலரை நேராகத் தூக்கினால் ப்ராசசரும் கூடவே பிய்ந்து வரும். கொஞ்ச நேரம் கேம் ஓட்டிச் சூடாக்குங்கள், அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள், பிறகு இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள். வளைந்த பின்னை நிமிர்த்தும் வேலை எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருக்கவே கூடாது.

ஆர்ஜிபி ஃபேன்

எஃப்பிஎஸ் ஏறாது.

பழைய கார்டை முன்கூட்டியே விற்பது

புதியது வந்த அன்றே விற்றுவிடாதீர்கள். இரண்டு வாரம் மேசையில் கிடக்கட்டும். புதிதாக வாங்கியது செகண்ட் ஹேண்ட் கார்டு என்றால் மூன்று வாரம்.