குமரி மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் அட்வென்ச்சர் பைக்: பராமரிப்பும் செலவுக் கணக்கும்

ஹிமாலயன், எக்ஸ்பல்ஸ் போன்ற பைக்குகளைக் குமரி மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் ஓட்டுபவர்களுக்கு, இரு பருவமழைகளும் கடலுப்பும் சேர்ந்தே செலவைத் தீர்மானிக்கின்றன. என் கணிப்பில், இங்கு என்ஜினுக்கு முன்பே செயினும் ஸ்போக்கும் பிரேக்கும்தான் தொல்லை தரத் தொடங்குகின்றன.

படி 1: மைலேஜை அளத்தல். டேங்கை முழுவதும் நிரப்பி ஓடோமீட்டர் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை நிரப்பும்போது, இடையில் ஓடிய தூரத்தை அப்போது பிடித்த லிட்டர் அளவால் வகுங்கள். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் ஆரல்வாய்மொழி வழியாக நெல்லைக்குச் செல்லும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும், திரும்பும்போது நெஞ்சில் மோதும் என்பதால், போக வர இரண்டையும் சேர்த்தே அளக்க வேண்டும். லிட்டருக்கு 30 கி.மீ. கிடைத்து, பெட்ரோல் விலை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 3 ரூபாய் 33 காசு ஆகும்.

படி 2: உப்பைக் கழுவுதல். முட்டம், குளச்சல் பக்கம் சென்று வந்தால், அன்றோ மறுநாளோ நல்ல தண்ணீரால் கழுவிவிடுவது நல்லது. கடலோர ஊர்களில் பல கிணறுகளின் தண்ணீரே உவர்ப்பாக இருக்கும். அதில் கழுவினால் உப்பின் மேல் உப்பு ஏற்றியதாகிவிடும். சக்கர பேரிங் மீது பிரஷர் பம்பை நேராகப் பிடிக்கக் கூடாது. கழுவி முடித்ததும் ஸ்போக்குகளை ஸ்குரூடிரைவரால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள்: இறுக்கமான ஸ்போக் கணீரென ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். ஸ்போக்கும் ரிம்மும் சேரும் நிப்பிளில் வெள்ளைப் பொடியோ துருவோ தென்பட்டால், அது முற்றிலும் இறுகுவதற்குள் மெக்கானிக்கிடம் காட்டிவிட வேண்டும்.

படி 3: செயின். 500 கி.மீ.க்கு ஒருமுறையும், நல்ல மழையில் நனைந்த பிறகும், செயினை மண்ணெண்ணெயால் துடைத்துக் காயவைத்து, உள்பக்கமாக லூப் (செயினுக்கான மசகு எண்ணெய்) இட வேண்டும். இணைப்புகளில் ரப்பர் வளையம் உள்ள ஓ-ரிங் செயினுக்குப் பெட்ரோல் ஆகாது. இந்த வேலையைச் செய்யும்போது என்ஜின் கட்டாயம் நின்றிருக்க வேண்டும்; ஓடும் செயினில் சிக்கினால் விரலே போய்விடும். செயின் செட் 5,000 ரூபாய் என்று கொள்வோம்: அது 20,000 கி.மீ. உழைத்தால் கிலோமீட்டருக்கு 25 காசு, கவனிக்காமல் 10,000 கி.மீ.யிலேயே தேய்ந்தால் 50 காசு.

படி 4: பிரேக். பிரேக் ஃப்ளூயிட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் ஏறினால் அதன் கொதிநிலை குறைந்து, பேச்சிப்பாறைக்கு மேலுள்ள இறக்கங்களில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது பிடிப்பு தளரக்கூடும். ஆகவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றுங்கள்.

படி 5: ஓட்டாவிட்டாலும் ஆகும் செலவு. 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு 2022இல் அறிவிக்கப்பட்ட மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம், வரி நீங்கலாக ஆண்டுக்கு 2,804 ரூபாய். 150 முதல் 350 சிசி வரை 1,366 ரூபாய். ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓட்டுபவருக்கு முதல் தொகை கிலோமீட்டருக்கு 23 காசாகவும், 4,000 கி.மீ. மட்டும் ஓட்டுபவருக்கு 70 காசாகவும் விழும்.

டயர், சர்வீஸ், பேட்டரி ஆகியவற்றையும் இதேபோல் கிலோமீட்டருக்கு வகுத்து ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். டயரையும் பிரேக்கையும் ஜூன் மழைக்கு முன்பாக மே மாதத்திலும், ஏர் ஃபில்டரையும் பேரிங்குகளையும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் ஜனவரியிலும் பார்ப்பது இம்மாவட்டத்துக்குப் பொருந்தும்.