கடை பிஸ்கட், வீட்டு சாக்லேட்: கிறிஸ்துமஸ் தட்டில் நடக்கும் தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகளும் அவளுடைய தோழிகள் இரண்டு பேரும் என் சமையலறையைப் பிடித்துக்கொண்டார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்க சாக்லேட் பிஸ்கட் செய்கிறார்களாம். ஓவன் கிடையாது, மாவு பிசைவது கிடையாது. கடையில் வாங்கிய மேரி பிஸ்கட், கிரீம் பிஸ்கட், ஒரு டின் கன்டென்ஸ்ட் மில்க், காம்பவுண்ட் சாக்லேட் (கோகோ பட்டருக்குப் பதில் தாவரக் கொழுப்பு சேர்த்தது), மேலே தூவ ஏதாவது. பாதி கடை, பாதி வீடு.

இதில் எனக்கு எந்த ஏளனமும் இல்லை. நாகர்கோவிலில் அம்மா முந்திரிக்கொத்துக்கும் அச்சு முறுக்குக்கும் நான்கு நாள் மெனக்கெடுவதைப் பார்த்து வளர்ந்தவள்தான் நான். சென்னையில் வேலைக்குப் போய்க்கொண்டு அதெல்லாம் முடியாது என்று புரிந்த வருடம் நானும் கடை பிஸ்கட்டுக்கு மாறினேன். அந்த மாற்றத்தில் நான் செய்த ஒவ்வொரு சொதப்பலையும் மூன்று பெண்களும் என் கண்ணெதிரே வரிசையாகச் செய்துகொண்டிருந்தார்கள். பிஸ்கட் உடைவது, கைக்கு வந்தபடி ஸ்ப்ரிங்கிள்ஸ் கொட்டுவது எல்லாம் கணக்கில் இல்லை. அவை ஒரு தடவை செய்தால் தானே சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

சாக்லேட்டில் ஈரம்

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. முழுக்கச் சொல்லிவிடுகிறேன்.

பதினோரு வருடம் முன்பு, டிசம்பர் 23, இரவு ஒன்பது மணி. மறுநாள் எங்கள் வீட்டுக்குக் கேரல் ரவுண்ட்ஸ் வருகிறது. பாட வருகிறவர்கள் நாற்பது பேராவது இருப்பார்கள். இரண்டு கிலோ டார்க் காம்பவுண்ட் வாங்கி வைத்திருந்தேன். அத்தனையையும் ஒரே பாத்திரத்தில் போட்டு, கொதிக்கும் தண்ணீர்மேல் வைத்து, சீக்கிரம் உருகட்டும் என்று தட்டைப் போட்டு மூடினேன். பருப்பு வேகவைக்கிற புத்தி. பத்து நிமிடம் கழித்துத் திறந்தபோது தட்டின் அடியில் கோத்திருந்த ஆவி நீர் பொலபொலவென்று உள்ளே விழுந்தது. எல்லாம் சேர்த்து ஒரு ஸ்பூன் இருந்திருக்கும். கிளறினேன். பளபளவென்று இருக்க வேண்டியது நனைந்த களிமண் மாதிரி திரண்டு கரண்டியோடு எழுந்து வந்தது.

ஏன் என்று பல வருடம் கழித்துத்தான் விளங்கியது. சாக்லேட் என்பது கொழுப்புக்குள் மிதக்கிற சர்க்கரைத் தூளும் கோகோத் தூளும்தான். உருகி ஓடுகிறதே தவிர, அதில் ஈரமே கிடையாது. சர்க்கரை டப்பாவில் ஈர ஸ்பூனை விட்டால் என்ன ஆகும்? சுற்றியுள்ள சர்க்கரை நீரை இழுத்துக்கொண்டு கட்டி கட்டியாகும். அதேதான் இங்கேயும். சர்க்கரையும் கோகோவும் அந்தத் துளி நீரைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

சரி, அது விபத்து. என் தவறு அதற்கு அப்புறம் செய்தது. இறுகியதை இளக்க சூடான பாலைத் தாராளமாக ஊற்றினேன். வேடிக்கை என்னவென்றால், அது வேலை செய்தது. போதுமான அளவு ஈரம் சேர்ந்தால் ஒட்டிக்கொண்ட சர்க்கரை கரைந்து கலவை மறுபடி வழவழப்பாகிவிடும். பார்க்க அழகாக மின்னியது. ஜெயித்துவிட்டதாக நினைத்து இருநூறு பிஸ்கட்டை முக்கி, வீடு முழுக்க பட்டர் பேப்பர் விரித்து அடுக்கிவிட்டுத் தூங்கப்போனேன். காலையில் ஒன்றுகூட இறுகவில்லை. தொட்டால் கட்டைவிரல் ரேகை பதிகிறது. பாலின் ஈரத்தைக் குடித்து அடியில் பிஸ்கட் நமுத்துப்போயிருந்தது. நான் செய்து வைத்திருந்தது மேல்பூச்சு அல்ல, கனாஷ். கேக்கின்மேல் ஊற்றுகிற பதம். அது இறுகவே இறுகாது.

அன்றிரவு பாட வந்தவர்களுக்குக் காகிதக் கப்பில் வழித்துப் போட்டு ஸ்பூனோடு கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்றார்கள். ‘இதுக்குப் பேர் என்னக்கா?’ என்று ஒரு பையன் கேட்டான்.

இரண்டு கிலோ சாக்லேட், இருநூறு பிஸ்கட், ஒரு ராத்திரி. போகட்டும். போன ஞாயிறு அண்ணன் மகள் திரண்டுபோன சாக்லேட்டைக் காட்டி, ‘அத்தை, வீடியோல ரெண்டு ஸ்பூன் பால் ஊத்தச் சொல்றாங்க’ என்றாளே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இன்னுமா இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

ஈரம் எந்த வழியில் எல்லாம் வரும் என்று தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீரும். மூடி போடவே கூடாது. மேல் கிண்ணம் கீழ்ப் பாத்திரத்தைவிட அகலமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆவி ஓரமாக ஏறி உள்ளே இறங்கும். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக்கூடாது. தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள், அந்தச் சூடு போதும். மர அகப்பை வேண்டாம். கழுவித் துடைத்து வைத்தாலும் அதன் உள்ளே ஈரம் இருக்கும். கிண்ணத்தை எடுத்ததும் அடியைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் சாய்க்க வேண்டும். வெள்ளைச் சாக்லேட்டில் கலர் சேர்க்கிறவர்கள் கேசரிக்கு ஊற்றுகிற கலரை ஊற்றக்கூடாது. அது தண்ணீர்க் கலர். எண்ணெயில் கலந்த கலரோ பவுடரோ வேண்டும். எசென்ஸ் ஊற்றும்போதும் கவனம். முக்கியமாக, ஒரு தடவைக்கு 200 கிராம் மட்டும் உருக்குங்கள். கெட்டால் 200 கிராமோடு போகும். மைக்ரோவேவ் இருந்தால் இன்னும் நல்லது. குறைந்த பவரில் முப்பது முப்பது விநாடியாக வைத்து, ஒவ்வொரு தடவையும் எடுத்துக் கிளற வேண்டும்.

அப்படியும் திரண்டுவிட்டதா? முக்கும் வேலைக்கு அதை மறந்துவிடுங்கள். சூடான பாலோ கிரீமோ தாராளமாகச் சேர்த்து கனாஷாகவே ஆக்கி, இரண்டு மேரி பிஸ்கட்டுக்கு நடுவே தடவி வீட்டிலேயே தின்றுவிடுங்கள். முக்குவதற்குப் புதிதாக உருக்குங்கள்.

இளக்கத் தேங்காய் எண்ணெய், கணக்கில்லாமல்

கெட்டியாக இருக்கிற சாக்லேட்டை இளக்க எண்ணெய் சேர்க்கலாம், பால்தான் கூடாது. வாசனை இல்லாத தேங்காய் எண்ணெய் என்றால் 200 கிராமுக்கு ஒரு டீஸ்பூன். மார்கழி விடியற்காலையில் நாகர்கோவில் வீட்டில் எண்ணெய் பாட்டில் உறைந்து கிடக்கும், வெயில் ஏறினால் உருகிவிடும். ஏறக்குறைய 24 டிகிரியில் இளகுகிற எண்ணெய் அது. நாலு ஸ்பூன் ஊற்றினால் உங்கள் பிஸ்கட்டும் பகலில் அப்படித்தான் இளகும்.

நல்ல சாக்லேட்டையும் காம்பவுண்டையும் கலப்பது

‘கொஞ்சம் ரிச்சாக இருக்கட்டும்’ என்று வெளிநாட்டிலிருந்து வந்த சாக்லேட் பாரை உடைத்து காம்பவுண்டில் போடுவார்கள். அசல் சாக்லேட்டில் இருப்பது கோகோ பட்டர். காம்பவுண்டில் இருப்பது பாம் கர்னல் போன்ற தாவரக் கொழுப்பு. இரண்டும் ஒத்துப்போகாது. சேர்ந்தால் தனித்தனியாக இருந்ததைவிட மிருதுவாகிவிடும், சில நாளில் மேலே சாம்பல் பூத்த மாதிரி வெளுக்கும். அசல் சாக்லேட் மட்டும் போட்டால் சிக்கல் வேறு. அதை உருக்கி, ஆற்றி, 31, 32 டிகிரி பதத்துக்குக் கொண்டுவந்து டெம்பர் செய்யாமல் அது பளபளக்காது. வெப்பமானி இல்லாத வீட்டில் காம்பவுண்டே உத்தமம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஃபிரிட்ஜ்

முக்கியதும் ஃபிரிட்ஜில் தள்ளுவது, எடுத்ததும் பெட்டியில் அடைப்பது. இரண்டும் சேர்ந்தால் வினை. ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வியர்க்கிறதல்லவா, சில்லென்ற பிஸ்கட்டுக்கும் அப்படியே வியர்க்கும். சென்னை டிசம்பரில் மழை ஓய்ந்திருந்தாலும் காற்றில் ஈரம் ஓய்ந்திருக்காது. அந்த வியர்வையில் மேல் சர்க்கரை கரைந்து, காய்ந்ததும் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். பூஞ்சை என்று நினைத்து பெட்டியோடு தூக்கிப் போடுகிறவர்களும் உண்டு.

காம்பவுண்ட் ஃபேன் காற்றிலேயே இறுகும். ஃபிரிட்ஜில் வைத்தே ஆக வேண்டும் என்றால் பத்து நிமிடம் போதும். நீண்ட நேரம் வைத்தால் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். வெளியே எடுத்த பின் டப்பாவின் குளிர் முழுக்கப் போகும்வரை மூடியைத் திறக்காதீர்கள். வியர்ப்பது டப்பாவோடு நிற்கும். இன்னொன்று, மீன் குழம்புக்குப் பக்கத்தில் வைத்தால் சாக்லேட் அந்த வாசனையை விசுவாசமாக வாங்கிக்கொள்ளும்.

சில்லென்ற உருண்டையை முக்குவது

பிஸ்கட் தூளில் கன்டென்ஸ்ட் மில்க் சேர்த்துப் பிடித்த உருண்டையை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் முக்கினால் பூச்சு வெடிக்கும். அரை மணி நேரம் வெளியே இருக்கட்டும்.

கன்டென்ஸ்ட் மில்க்கை மொத்தமாகக் கவிழ்ப்பது

உருண்டைக்கு 200 கிராம் மேரி பிஸ்கட் தூளும் இரண்டு ஸ்பூன் கோகோவும் என்றால் ஏறக்குறைய அரை டின் போதும். அதையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்க்க வேண்டும். உதிரியாக இருக்கிறதே என்று பதறி இன்னும் ஊற்றாதீர்கள். பத்து நிமிடம் மூடி வைத்தால் பிஸ்கட் தானே ஊறிப் பிடித்துக்கொள்ளும்.

மேரிதான் வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. கொழுப்பும் சர்க்கரையும் குறைவு, உறுதியாக இருக்கும், முக்கினால் கரையாது. 1874-இல் ரஷ்ய இளவரசி மரியா அலெக்ஸாந்த்ரோவ்னா விக்டோரியா மகாராணியின் மகனை மணந்தபோது லண்டனில் பீக் ஃப்ரீன்ஸ் கம்பெனி அவர் பெயரில் செய்த பிஸ்கட். ராஜ கல்யாணத்துக்குப் பிறந்தது, நம் ஊரில் காய்ச்சல்காரருக்கு டீயில் தொட்டுக் கொடுக்கிற பிஸ்கட்டாகிவிட்டது.

பச்சை முட்டை வெள்ளைக்கரு ஐசிங்

ஊருக்குக் கொடுக்கிற தட்டில் வேண்டாம்.

மார்ஷ்மெல்லோ

ஒரு வருடம் பனிமனிதன் பிஸ்கட் செய்தேன். மேலே மார்ஷ்மெல்லோ தலை, சாக்லேட் கண். முட்டைகூட இல்லை என்ற தைரியத்தில் எதிர்வீட்டு மாமிக்கும் கொடுத்தேன். அவர்கள் வீட்டில் யாரும் அசைவம் தொடமாட்டார்கள். இரவில் குப்பையைக் கட்டும்போதுதான் காலிப் பாக்கெட்டில் பழுப்பு நிறக் குறி கண்ணில் பட்டது. ஜெலட்டின். மாட்டுத் தோல், பன்றித் தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து எடுப்பது.

ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். நல்லவேளை, மாமி இன்னும் தொடவில்லை. பேரன் தொட்டிருந்தான், இரண்டு. ‘அவன்கிட்ட சொல்லாதே, என்கிட்டயும் சொல்லலன்னு வெச்சுக்கோ’ என்று மாமி கதவைச் சாத்திக்கொண்டார். அது அவர் பெருந்தன்மை. என் தவறு தவறுதான். பச்சைக் குறி போட்ட மார்ஷ்மெல்லோவும் கிடைக்கிறது, பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். வேர்க்கடலை, முந்திரி சேர்த்திருந்தால் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

கேக்கும் பிஸ்கட்டும் ஒரே பெட்டியில்

காலையில் அடைத்தால் இரவுக்குள் கேக்கின் ஈரம் பிஸ்கட்டுக்குப் போய்விடும். கேக் வறளும், பிஸ்கட் நமுக்கும். அச்சு முறுக்கு கூட இருந்தால் அதுவும் போச்சு. ஈரமானவை தனி, மொறுமொறுப்பானவை தனி. ஒரே தட்டில்தான் போக வேண்டும் என்றால் கேக்கைத் தனியாகச் சுற்றி வையுங்கள்.

செய்தித்தாள் விரிப்பது

அச்சு மை பலகாரத்தில் ஏறும். பட்டர் பேப்பர் வாங்குங்கள்.

அழகான டின்னில் கொடுப்பது

சிவப்பும் பச்சையுமாக மான் படம் போட்ட டின்கள் ஆறு வாங்கினேன். ஒன்றுகூடத் திரும்பவில்லை. ஒன்று மூன்றாவது மாடியில் ஊசி நூல் டப்பாவாக இருப்பதைப் போன மாதம் பார்த்தேன். அம்மா பெயர் வெட்டிய எவர்சில்வர் தூக்குகளில் கொடுத்தவை மட்டும் பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலோடு வந்து சேர்ந்தன.