ஃபோல்டரை அழித்தால் ஆன்டிவைரஸ் போய்விடாது

சத்துவாச்சாரி, காட்பாடி பக்கம் வீட்டுக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக் கொடுக்கிறேன். காலேஜ் பிள்ளைகள் புது லேப்டாப் வாங்குகிறார்கள், கூடவே வந்த ட்ரையல் ஆன்டிவைரஸ் காலாவதியாகி, மூலையில் பணம் கட்டு பணம் கட்டு என்று நச்சரிக்கிறது, அன்இன்ஸ்டால் கொடுத்தால் பாதியில் நிற்கிறது. அப்புறம் அதை நீக்கப் போய்ச் செய்யும் தவறுகளில்தான் விபரீதம். ரீஸ்டார்ட் செய்ய மறப்பது போன்ற சின்னத் தவறுகளை நான் சொல்லப்போவதில்லை.

கையால் அழிப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் கோபம் வரும். புரோகிராம் ஃபைல்ஸில் இருக்கும் ஃபோல்டர்தான் ஆன்டிவைரஸ் என்று நினைத்துவிடுகிறார்கள். அது விண்டோஸின் அடிமட்டமான கெர்னல் வரைக்கும் போய் உட்கார்ந்திருக்கும். ஃபைல் திறப்பதையும் நெட் போக்குவரத்தையும் இடையில் நின்று பார்க்கிற டிரைவர்கள் அதற்கு உண்டு, சிலவற்றுக்கு கீபோர்டு, மவுஸ் மேலேயும் ஃபில்டர் டிரைவர் இருக்கும். இந்த டிரைவரை ஏற்று என்ற உத்தரவு, விண்டோஸ் தன் செட்டிங்குகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இருக்கும்போது ஃபைலை மட்டும் அழித்தால் என்ன ஆகும்?

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணா, கீபோர்டும் வேல செய்யல, டச்பேடும் வேல செய்யல, பாஸ்வேர்டே போட முடியல." விண்டோஸ் அத்தியாவசியமானதை மட்டும் ஏற்றும் சேஃப் மோடில் போய் ஆன்டிவைரஸ் ஃபோல்டரை அழித்து, டிரைவர்ஸ் ஃபோல்டரில் அந்தக் கம்பெனி பெயர் போட்ட சிஸ் ஃபைல்களையும், அதாவது டிரைவர்களையும் அழித்திருக்கிறான். ரெஜிஸ்ட்ரியில் கீபோர்டு, மவுஸ் இரண்டுக்கும் எந்த டிரைவர்களை ஏற்ற வேண்டும் என்று சொல்லும் அப்பர்ஃபில்டர்ஸ் வரியில் பழைய பெயர் அப்படியே இருந்தது, அந்த டிரைவர் கிடைக்காததால் இரண்டுமே செத்துவிட்டன. யுஎஸ்பி கீபோர்டு செருகினாலும் அதே கதைதான். முதலில் போன கடையில் ஃபார்மட் போடணும் என்றார்களாம், அவனுடைய ப்ராஜெக்ட் முழுக்க அதில்தான் இருந்தது! விண்டோஸ் பென்டிரைவில் பூட் செய்து, ரெஜிஸ்ட்ரியை வெளியிலிருந்து திறந்து, அந்தப் பெயர்களை மட்டும் எடுத்ததும் சரியானது. அந்த வரியையே மொத்தமாக அழித்திருந்தால் விண்டோஸின் சொந்த கீபோர்டு டிரைவரின் பெயரும் சேர்ந்து போயிருக்கும்.

செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் ஆன்டிவைரஸின் செட்டிங்ஸில், தன்னை யாரும் நீக்காமல் தடுத்துக்கொள்ளும் செல்ஃப் ப்ரொடெக்‌ஷனை நிறுத்துங்கள், பிறகு விண்டோஸின் செட்டிங்ஸ், ஆப்ஸ் வழியாக நீக்குங்கள். மறுத்தால், அதே ஆன்டிவைரஸை அதன் மேலேயே மறுபடி இன்ஸ்டால் செய்துவிட்டு நீக்கிப் பாருங்கள், உடைந்துபோன அன்இன்ஸ்டாலர் பெரும்பாலும் இதிலேயே சரியாகும். அதுவும் நடக்காவிட்டால் கம்பெனியே தரும் ரிமூவல் டூல். மெக்காஃபீக்கு எம்சிபிஆர், காஸ்பர்ஸ்கைக்கு காவ்ரிமூவர், அவாஸ்டுக்கு அவாஸ்ட் கிளியர் என்று தனித்தனியாக உண்டு.

தேடலில் முதலில் வரும் லிங்க்

கம்பெனியின் சொந்தத் தளம் தவிர வேறெங்கும் டூல் இறக்காதீர்கள்.

சாவி இல்லாமல் சேஃப் மோடுக்குப் போவது

சில டூல்களை சேஃப் மோடில்தான் ஓட்ட வேண்டும். இப்போது வரும் லேப்டாப்களில் டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் என்க்ரிப்ஷன் தானாகவே போட்டிருக்கலாம், சேஃப் மோடுக்குப் போகும் வழியில் அதன் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கலாம். அது பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் இருக்கும், முன்னாலேயே பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சேஃப் மோடில் பின் நம்பர் வேலை செய்யாமல் போகலாம், அதனால் அக்கவுண்ட் பாஸ்வேர்டும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு ஆன்டிவைரஸை எடுக்க இன்னொரு ஆன்டிவைரஸைப் போடுவது

வேண்டவே வேண்டாம்.

வால்ட்டை மறப்பது

ஆன்டிவைரஸுக்குள்ளேயே இருக்கும் வால்ட் என்ற பெட்டகத்தில் பாஸ்வேர்டுகளையோ, பூட்டிய ஃபைல்களையோ வைத்திருந்தால் முதலில் வெளியே எடுங்கள்.

பணம் நிற்காது

மென்பொருள் போனாலும் சந்தா போகாது. ஆட்டோ ரினியூவல் இருந்தால் கம்பெனி அக்கவுண்டில் நிறுத்துங்கள், தானாகப் பணம் எடுக்கக் கார்டில் கொடுத்த அனுமதியான மேன்டேட்டையும் ரத்து செய்யுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் வர வேண்டும். எங்கள் தெருவில் ஒரு அக்கா அந்த எஸ்எம்எஸ்ஸை விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிட்டார், ஒரு வருடச் சந்தா போய்விட்டது.

எல்லாம் முடிந்ததும் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் தானாக இயங்குகிறதா என்று பாருங்கள். அப்புறம் அட்மின் கமாண்ட் ப்ராம்ப்டில் எஃப்.எல்.டி.எம்.சி. (fltmc) என்ற ஐந்து எழுத்தைப் புள்ளி இல்லாமல் அடித்தால் ஃபைல் ஃபில்டர்களின் பட்டியல் வரும். பழைய ஆன்டிவைரஸின் டிரைவர் அதில் இன்னும் இருந்தால், ரிமூவல் டூலை மறுபடி ஓட்டுங்கள், டிரைவர்ஸ் ஃபோல்டர் பக்கம் போகாதீர்கள்.