பார்சிலோனாவின் 8-2: படுதோல்விக்குப் பின் பெரிய கிளப்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 ஆகஸ்ட் 14, லிஸ்பன். ரசிகர்கள் இல்லாத மைதானத்தில், ஐரோப்பியக் கிளப்களின் கால்பந்துப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் காலிறுதி. பயர்ன் மியூனிக் 8, பார்சிலோனா 2. கடைசி இரண்டு கோல்களையும் போட்டவர் பிலிப்பே கூட்டின்யோ. பார்சிலோனா 12 கோடி யூரோ கொடுத்து வாங்கி, எங்கே ஆடவைப்பது என்று தெரியாமல், பயர்னுக்கே லோனில் அனுப்பிவைத்திருந்த ஆட்டக்காரர் அவர்.

அடுத்தடுத்து எல்லாமே வேகவேகமாக நடந்தன. 17ஆம் தேதி பயிற்சியாளர் கீக்கே செட்டியென் நீக்கம். 18ஆம் தேதி விளையாட்டு இயக்குநர் எரிக் அபிதால் விலகல். 19ஆம் தேதி புதுப் பயிற்சியாளராக ரொனால்ட் கூமன். 25ஆம் தேதி, கிளப்பை விட்டுப் போகிறேன் என்று மெஸ்ஸியிடமிருந்து சட்டப்பூர்வமான கடிதம்.

இந்த வேகத்தில்தான் கோளாறே இருந்தது என்று நினைக்கிறேன். இப்படித் தோற்ற ஒரு பெரிய கிளப்பைச் சுற்றி ரசிகர்களின் கோபம், பத்திரிகைகளின் தலைப்புகள், உறுப்பினர்கள் ஓட்டுப் போடும் கிளப் என்றால் தேர்தல் பயம் என்று எல்லாம் ஒன்றாகச் சூழ்ந்துகொள்ளும். ‘உடனே ஏதாவது செய்யுங்கள்’ என்ற சத்தத்தை அடக்குவதற்காக எடுக்கிற முடிவுகள்தான் அடுத்த நான்கைந்து வருடங்களைத் தின்றுவிடுகின்றன. செய்யக்கூடிய தவறுகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் பார்சிலோனா செய்தது. பிறகு எழுந்தும் வந்தது. அதனால்தான் இந்தக் கிளப்பை எடுத்துக்கொள்கிறேன்.

அந்த ஓர் இரவை மட்டும் பார்ப்பது

லிஸ்பனில் நடந்தது திடீர் விபத்து இல்லை. 2018 ஏப்ரலில், இரண்டு ஆட்டச் சுற்றின் முதல் ஆட்டத்தில் 4-1 என்று ஜெயித்துவிட்டு, ரோம் போய் ரோமா அணியிடம் 3-0 என்று தோற்று வெளியேறினார்கள். 2019 மே மாதம் 3-0 முன்னிலையோடு ஆன்ஃபீல்டுக்குப் போய் லிவர்பூலிடம் 4-0. மூன்று வருடம், மூன்று சரிவு, மூன்றுக்கும் ஒரே காரணம். எதிரணி நெருக்கி ஓட ஆரம்பித்ததும் பார்சிலோனாவின் நடுக்களத்தால் பந்தை வெளியே கொண்டுவர முடியவில்லை. பந்தை இழந்தால் திரும்பப் பிடுங்க முன்வரிசை ஓடவும் இல்லை.

லிஸ்பனில் இறங்கிய பதினொருவரைப் பாருங்கள். மெஸ்ஸி, சுவாரெஸ், பிக்கே, விடால் நால்வரும் 1987இல் பிறந்தவர்கள், 33 வயது. புஸ்கெட்ஸுக்கு 32, ஜோர்டி ஆல்பாவுக்கு 31. அவர்கள் திறமையைப் பற்றி யாரும் கேள்வி கேட்க முடியாது. ஆனால், களத்தின் முக்கால் பங்கு தூரம் முன்னேறிவந்து நெருக்கும் பயர்னுக்கு எதிராக இந்த ஆறு பேரும் ஒரே நேரத்தில் களத்தில் இருந்தால் ஓடுவதற்கு ஆள் எங்கே?

இதைப் பார்க்கவிடாமல் தடுத்தது ஸ்பெயின் லீக்கான லா லிகாவின் கோப்பை. 2018, 2019 இரண்டு வருடமும் லீக்கை வென்றார்கள். சொந்த நாட்டில் பத்து அணிகளை மெஸ்ஸி தனியாகவே தோற்கடித்துவிடுவார். அந்தப் புள்ளிப் பட்டியலை வைத்து அணி நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்பினார்கள். தோல்விக்குப் பிறகு முதலில் செய்ய வேண்டியது கடைசி மூன்று வருடத்து ஐரோப்பிய ஆட்டங்களை வரிசையாக உட்கார்ந்து பார்ப்பது. அதை முடிப்பதற்கு முன் யாரையும் வேலையை விட்டு அனுப்பக் கூடாது.

பயிற்சியாளரைப் பலி கொடுப்பது

எர்னெஸ்டோ வால்வெர்டேயை நீக்கியபோது (2020 ஜனவரி) அணி லீக்கில் முதலிடத்தில் இருந்தது. செட்டியென் ஏழு மாதம். கூமன் பதினான்கு மாதம்.

மறுபக்கம் பாருங்கள். 2012இல் பயர்ன் தன் சொந்த மைதானத்தில் நடந்த இறுதிப் போட்டியில் செல்சியிடம் பெனால்டியில் தோற்றது. அதைவிட வலிக்கும் தோல்வி இருக்க முடியாது. யுப் ஹெய்ன்கெஸை அப்படியே வைத்துக்கொண்டார்கள். நடுக்களத்தில் இருந்த ஓட்டையை அடைக்க ஹாவி மார்ட்டினெஸை 4 கோடி யூரோவுக்கு வாங்கினார்கள். மறு வருடம் மூன்று பெரிய கோப்பைகளும் வந்தன. 2018இல் கீவ் இறுதியில் தோற்ற லிவர்பூலும் யூர்கன் கிளாப்பைத் தொடவில்லை. கோல்கீப்பராக அலிசனை வாங்கியது. 2019இல் சாம்பியன். இஸ்தான்புல்லில் 3-0 முன்னிலையை 2005இல் தொலைத்த மிலனும் அதே ஆன்செலோட்டியோடு 2007இல் கோப்பையை எடுத்தது.

இதிலிருந்து ‘பயிற்சியாளரை மாற்றவே கூடாது’ என்ற முடிவுக்கு வரக் கூடாது. அந்த மூன்று அணிகளும் இறுதிவரை போனவை, எலும்புக்கூடு உறுதியாக இருந்தது. செட்டியென் அணிக்கு அது இல்லை, அவர் போனதில் எனக்கு வருத்தமும் இல்லை. பிரச்சினை, புதுப் பயிற்சியாளரை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான். அப்போதைய தலைவர் பார்த்தோமேயுவே வெளியேறும் நிலையில் இருந்தார். அவரை நீக்கக் கோரி 20,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கையெழுத்திட்டார்கள். அக்டோபர் 27 அன்று ராஜினாமா செய்துவிட்டார். 2021 மார்ச்சில் லபோர்ட்டா புதுத் தலைவராக வந்தபோது, தான் தேர்ந்தெடுக்காத ஒரு பயிற்சியாளர் அவர் கையில் இருந்தார். அவருக்கு மாற்று தேடப்படுவது ஊருக்கே தெரிந்திருந்தது. அப்படி ஒரு பயிற்சியாளர் சொல்வதை எந்த அணி கேட்கும்? தலைமை முதலில், விளையாட்டு இயக்குநர் அடுத்து, அதற்குப் பிறகுதான் பயிற்சியாளர். இந்த வரிசை தலைகீழானால் போட்ட பணமும் காலமும் வீண்.

பணத்தால் பதில் சொல்வது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. இது 8-2க்கு மூன்று வருடம் முன்பே ஆரம்பித்துவிட்டது.

2017 ஆகஸ்டில் நெய்மாரை பாரிஸ் கிளப்பான பி.எஸ்.ஜி. 22.2 கோடி யூரோ கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனது. கையில் பணம் இருப்பது உலகத்துக்கே தெரியும், ரசிகர்கள் கொதிக்கிறார்கள் என்பதும் தெரியும். விற்பவர்களுக்கு அதைவிட நல்ல சந்தை கிடைக்காது. உஸ்மான் டெம்பெலேவுக்கு 10.5 கோடி, கூடவே நிபந்தனைத் தொகைகள். 2018 ஜனவரியில் கூட்டின்யோவுக்கு 12 கோடி. 2019இல் கிரீஸ்மானுக்கு இன்னொரு 12 கோடி. லிஸ்பனில் கிரீஸ்மான் பெஞ்சிலிருந்து ஆட்டத்தைத் தொடங்கினார், டெம்பெலே ஆடவே இல்லை, கூட்டின்யோ எதிரணியில் இருந்தார்.

இந்தத் தொகைகள் எப்படிக் கழுத்தை நெரிக்கின்றன என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 12 கோடிக்கு ஐந்து வருட ஒப்பந்தத்தில் ஒருவரை வாங்கினால், கணக்கில் வருடத்துக்கு 2.4 கோடி செலவாகப் பிரித்து எழுதுவார்கள். சம்பளம் தனி. இரண்டு வருடம் கழித்து அவர் சரிவரவில்லை என்று விற்கப்போனால், மீதமுள்ள 7.2 கோடிக்குக் குறைவாக விற்கிற ஒவ்வொரு யூரோவும் நஷ்டமாகப் பதிவாகும். அதனால் விற்க மனம் வராது. அந்தச் சம்பளத்தை வேறு யாரும் தரவும் மாட்டார்கள். ஆட்டக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், பணம் போய்க்கொண்டே இருக்கும்.

கணக்கு இடித்ததும் வேறொரு தந்திரம் வந்தது. நிதியாண்டு முடியும் 2020 ஜூன் கடைசியில், 23 வயது ஆர்த்தரை 7.2 கோடிக்கு யுவென்டஸுக்கு விற்று, அங்கிருந்து 30 வயது பியானிச்சை 6 கோடிக்கு வாங்கினார்கள். விற்ற லாபம் முழுவதும் அந்த வருடக் கணக்கிலேயே ஏறும், வாங்கிய செலவு மட்டும் பல வருடங்களுக்குப் பிரியும். ஏட்டில் வெற்றி. களத்தில், இளம் நடுக்கள ஆட்டக்காரர் ஒருவர் போய், ஒரே சீசனில் ஓரங்கட்டப்பட்ட ஒருவர் வந்தார்.

8-2க்குப் பிறகாவது நின்றதா? 2020 அக்டோபரில், பார்த்தோமேயு ராஜினாமா செய்வதற்கு ஒரு வாரம் முன்பு, பிக்கே, டெர் ஸ்டெகன், லாங்லே, டி யோங் நால்வரின் ஒப்பந்தங்களும் நீட்டிக்கப்பட்டன. கொரோனா வருடத்தில் சம்பளத்தைத் தள்ளிவைப்பதற்காகச் செய்தார்கள். தள்ளிவைத்த சம்பளம் குறைந்த சம்பளம் அல்ல, அடுத்த நிர்வாகத்தின் தலையில் விடியும் கடன். 2021 ஆகஸ்டில் லபோர்ட்டா கணக்கைத் திறந்து காட்டியபோது கடன் 135 கோடி யூரோ. சம்பளச் செலவு வருமானத்தில் 103 சதவீதம். லா லிகா பார்சிலோனாவுக்கு அனுமதித்த சம்பள உச்சவரம்பு 2019-20இல் 67 கோடியாக இருந்தது, 2021 செப்டம்பரில் 10 கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. அதற்கு முந்தைய மாதம் மெஸ்ஸி அழுதபடி விடைபெற்றார். அவர் இருக்கத்தான் விரும்பினார். அந்த உச்சவரம்புக்குள் அவரைப் பதிவுசெய்ய இடமில்லை.

2022இல் லபோர்ட்டாவும் அவசரப்பட்டார். லீக் ஒளிபரப்பு வருமானத்தில் 25 சதவீதத்தை 25 ஆண்டுகளுக்கு விற்று லெவண்டோவ்ஸ்கி, ராஃபின்யா, கூண்டே ஆகியோரைக் கொண்டுவந்தார்கள். அணியின் இளம் ஆட்டக்காரர் லாமின் யமாலுக்கு 40 வயதாகும்வரை அந்தக் கால் பங்கு கிளப்புக்கு வராது. லெவண்டோவ்ஸ்கி முதல் சீசனிலேயே லீக்கில் 23 கோல் போட்டார், 2023இல் லா லிகா வந்தது, மற்ற இருவரும் அணியின் தூண்களானார்கள். வாங்கியவர்கள் நல்லவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனாலும் எதிர்கால வருமானத்தை விற்று இன்றைய அணியைக் கட்டுவதை என்னால் ஆதரிக்க முடியவில்லை. 2025 ஜனவரியில்கூட டானி ஓல்மோவைப் பதிவுசெய்ய முடியாமல், ஸ்பெயின் அரசின் விளையாட்டுக் கவுன்சில் தலையிட்ட பிறகே அவர் ஆட முடிந்தது.

மூத்தவர்களை அனுப்பும் விதம்

லூயிஸ் சுவாரெஸுக்கு 33 வயது, முழங்கால் பிரச்சினை, அனுப்ப முடிவெடுத்தது தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் செய்தி அவருக்குத் தொலைபேசியில் போனது. நேரடிப் போட்டியாளரான அட்லெட்டிகோ மாட்ரிட்டுக்கு, நிபந்தனையோடு அதிகபட்சம் 60 லட்சம் யூரோ என்ற விலையில் விட்டார்கள். அவருடைய இடத்துக்கு ஒரு ஸ்டிரைக்கரை வாங்கவும் இல்லை. அந்த சீசனில் சுவாரெஸ் லீக்கில் 21 கோல் போட்டார். கடைசி நாள் வயதோலித் நகரில் அவர் போட்ட கோல்தான் அட்லெட்டிகோவுக்குக் கோப்பையைத் தந்தது.

பிள்ளைகள் தோளில் சுமையை ஏற்றுவது

இளம் ஆட்டக்காரர்கள்தான் பார்சிலோனாவைக் காப்பாற்றினார்கள். அதில் கூமனுக்கு உரிய நன்றியை யாரும் சொல்வதில்லை. பெட்ரி, அரௌஹோ, காவி மூவரையும் நம்பி இறக்கியவர் அவர். ஆனால் காசில்லாத கிளப்புக்கு இளைஞர்கள் இலவசமாகக் கிடைக்கும் ஆட்கள் என்ற எண்ணம் வந்துவிட்டால் ஆபத்து. 2020-21இல் 18 வயது பெட்ரி கிளப், ஸ்பெயின் அணி, யூரோ கோப்பை, டோக்கியோ ஒலிம்பிக்ஸ் எல்லாம் சேர்த்து 73 ஆட்டங்கள் ஆடினார். அடுத்த வருடங்களில் தொடைத் தசை மறுபடி மறுபடி கிழிந்தது. அன்சு ஃபாட்டி இன்னும் மோசம். 2020 நவம்பரில் முழங்கால் குருத்தெலும்பு கிழிந்து பல அறுவை சிகிச்சைகள். திரும்பி வருவதற்குள் மெஸ்ஸியின் 10ஆம் எண் சட்டையைக் கொடுத்துவிட்டார்கள். அப்போது அவருக்கு 18 வயது. அந்தப் பையன் பழைய வேகத்துக்குத் திரும்பவே இல்லை.

ஒரு சிறுவனின் ஆட்ட நிமிடங்களை மருத்துவக் குழு தீர்மானிக்க வேண்டும். சனிக்கிழமை ஜெயித்தே ஆக வேண்டிய பயிற்சியாளரிடம் அதை விடக் கூடாது.

சீக்கிரம் கிடைக்கும் கோப்பையை நம்புவது

2021 ஏப்ரலில் அத்லெட்டிக் கிளப்பை 4-0 என்று வென்று ஸ்பெயினின் நாக்அவுட் கோப்பையான கோபா டெல் ரே வந்தது. மீண்டுவிட்டோம் என்றார்கள். அதே சீசனில் பி.எஸ்.ஜி. பார்சிலோனாவின் சொந்த மைதானமான காம்ப் நோவிலேயே 4-1 என்று அடித்திருந்தது. அடுத்த இரண்டு சீசனும் சாம்பியன்ஸ் லீக் குழுச் சுற்றோடு சரி. ஐரோப்பாவில் விழுந்த அணியின் உடல்நிலையை ஐரோப்பிய ஆட்டங்களில்தான் அளக்க வேண்டும்.

2024இல் வந்த பயிற்சியாளர் ஹான்சி ஃபிளிக். லிஸ்பனில் பயர்னின் பயிற்சியாளராக நின்றவர் அவரேதான். அந்தக் கோடையில் பெரிய தொகைக்கு வாங்கியது ஓல்மோ ஒருவரை மட்டும். மற்றபடி இருந்தவர்களையே வைத்து, உடல் தகுதியைக் கூட்டி, டிஃபென்ஸ் வரிசையை மைதானத்தின் நடுவரை ஏற்றி, முன்வரிசையை ஓடவைத்தார். 15 வயதில் அறிமுகமான யமாலும், 17 நிரம்பும் முன்பே முதல் ஆட்டம் ஆடிய குபார்சியும் அந்த அமைப்பில் பொருந்தினார்கள். அக்டோபர் 23 அன்று பயர்னை 4-1 என்று வென்றார்கள், ராஃபின்யா மூன்று கோல். மூன்று நாள் கழித்து ரியல் மாட்ரிட்டை அவர்களுடைய பெர்னபேயு மைதானத்திலேயே 4-0. அந்த ஆட்டத்தில் மாட்ரிட் 12 முறை ஆஃப்சைடில் மாட்டியது.

2025 மே 6 அன்று இன்டரிடம் அரையிறுதியில் தோற்றார்கள். முதல் ஆட்டம் 3-3, இரண்டாவது 4-3, அதுவும் 93ஆம் நிமிடத்தில் சமன் ஆகி, கூடுதல் நேரத்தில். யாரையும் நீக்கவில்லை. யாரையும் அவசரமாக வாங்கவும் இல்லை. அடுத்த ஞாயிறு மாட்ரிட்டுக்கு எதிராக 2-0 என்று பின்தங்கி 4-3 என்று ஜெயித்தார்கள், அந்த வாரமே லீக் கோப்பை உறுதியானது, ஃபிளிக்கின் ஒப்பந்தம் 2027 வரை நீட்டிக்கப்பட்டது. களத்தில் பாடம் படித்துவிட்டார்கள். கணக்குப் புத்தகத்தில் இன்னும் இல்லை. நடுவரை ஏறி நின்ற அந்த டிஃபென்ஸ் வரிசையை வழிநடத்திய இனிகோ மார்ட்டினெஸை, சம்பளத்தில் இடம் வேண்டும் என்பதற்காக, ஆகஸ்டில் ஒரு யூரோகூட வாங்காமல் சவுதி கிளப்பான அல் நாசருக்கு அனுப்பினார்கள்.