சமஷ்டிக் கட்டுரைகளைக் கூடி வாசிப்பது எப்படி: திருகோணமலை வாசகர் வட்டத்துக்கு

திருகோணமலையில் 'சமஷ்டி' என்றால் கொழும்பிலிருந்து அதிகாரம் மாகாணத்துக்கு இறங்கி வருவது. தமிழரசுக் கட்சி தன் முதலாவது தேசிய மாநாட்டை 1951 ஏப்ரலில் இங்கேதான் நடத்தியது. 1956 ஓகஸ்டில் இங்கேதான் மறுபடியும் கூடி அந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக்கியது. 1787இல் நியூயோர்க்கில் அதே சொல்லைத் தூக்கிப் பிடித்தவர்கள் கேட்டதோ இதற்கு நேர் எதிரானது. பதின்மூன்று மாநிலங்களில் சிதறிக் கிடந்த அதிகாரத்தைத் திரட்டி வலுவான ஒரு மத்தியை உண்டாக்க வேண்டும் என்றார்கள். புதிய அமெரிக்க அரசியலமைப்பை ஏற்கும்படி அவர்கள் நியூயோர்க் பத்திரிகைகளில் எழுதியவைதான் பெடரலிஸ்ட் கட்டுரைகள், அதாவது இந்தச் சமஷ்டிக் கட்டுரைகள். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் அவற்றிலிருந்து மேற்கோள் உருவுகிறவர் பெரும்பாலும் தன் வாதத்தைத் தானே வெட்டிக்கொள்வார்.

உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிப்பவர்கள், ஆசிரியர்கள், மாகாண சபை வேலையோடு தொடர்புடையவர்கள் என எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் போதும். இரண்டு மணித்தியாலம் வீதம் ஐந்து மாலைகள் தேவை. ஆட்களைச் சேர்க்கும்போது நகரத்தோடு நின்றுவிடாதீர்கள். கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆட்களும் வேண்டும். ஏன் என்பது மூன்றாம் மாலையில் தெரியும்.

எதை வாசிப்பது

மொத்தம் 85 கட்டுரைகள். முதலாவது வெளிவந்தது 1787 ஒக்டோபர் 27. எல்லாவற்றுக்கும் 'பப்ளியஸ்' என்ற ஒரே புனைபெயர்தான். பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கின்படி அலெக்சாண்டர் ஹமில்டன் 51, ஜேம்ஸ் மடிசன் 29, ஜோன் ஜே 5 எழுதினார்கள். ஒன்றிலிருந்து தொடங்கி வரிசையாகப் போனால் இரண்டாவது கிழமையே வட்டம் கலைந்துவிடும். 15, 10, 39, 45, 48, 51, 78, 84 ஆகிய எட்டைத்தான் எடுங்கள், இதே ஒழுங்கில். பத்தாவதே ஏறத்தாழ 3,000 சொல் என்பதால் ஒரு மாலைக்கு இரண்டுக்கு மேல் வைக்கக் கூடாது. எதிர்த்தரப்புக்கு 'புரூட்டஸ்' என்ற பெயரில் 1787 ஒக்டோபர் 18 அன்று வந்த முதற் கடிதம். கூடவே இலங்கை அரசியலமைப்பில் மாகாண சபைகள் பற்றிய XVIIஅ அத்தியாயத்தையும் ஒன்பதாம் அட்டவணையையும் தமிழில் போட்டோகொப்பி எடுத்து ஆளுக்கொன்று கொடுங்கள்.

முதல் இரண்டு மாலைகளில் இலங்கையைப் பற்றி ஒரு வார்த்தையும் கூடாது. கடுமையான விதிதான். ஆனால் இதைத் தளர்த்திய இடத்தில் 15ஆம் கட்டுரையின் இரண்டாம் பந்தி தாண்டுவதற்குள், பண்டாரநாயக்கவும் செல்வநாயகமும் 1957இல் செய்த பண்டா–செல்வா ஒப்பந்தம் வந்துவிடும். பிறகு யாரும் பக்கத்தைப் புரட்ட மாட்டார்கள்.

ஒரு வாதத்தைக் கழற்றுவது

ஒவ்வொருவரும் கொப்பியில் நான்கு கேள்வி எழுதட்டும். இந்தக் கட்டளை யார் மேல் விழுகிறது? காசு எங்கிருந்து வருகிறது? கேட்காவிட்டால் என்ன நடக்கும்? இதை யாரால் திருப்ப முடியும்? 'சுதந்திரம்', 'ஒற்றுமை' போன்ற பெரிய சொற்களைக் கண்டால் தாண்டிப் போய் இந்த நான்கையும் தேடுங்கள்.

15ஆம் கட்டுரையில் செய்து பாருங்கள். புதிய அரசியலமைப்புக்கு முந்திய பழைய அமெரிக்கக் கூட்டமைப்பில் காங்கிரஸ் சட்டம் இட்டது மாநிலங்களுக்கு, ஆட்களுக்கு அல்ல. அடிப்படைக் கோளாறே அதுதான் என்கிறார் ஹமில்டன். காங்கிரஸுக்கு வரி விதிக்கும் உரிமை இல்லை. மாநிலங்களிடம் பங்கு கேட்கும், அவை கொடுத்தால் உண்டு. இறக்குமதிக்கு 5 வீதத் தீர்வை வைக்க முயன்றபோது 13 மாநிலங்களும் சம்மதிக்க வேண்டியிருந்தது. 1782இல் றோட் ஐலண்ட் மட்டும் மறுத்தது, திட்டம் விழுந்தது. கேட்காத மாநிலத்தை என்ன செய்வது? ஒன்றும் செய்யாமல் இருக்கலாம், அல்லது படை அனுப்பலாம். வேறு வழி இல்லை. ஆகவே சட்டம் நேரே ஆளைத் தொட வேண்டும், நீதிமன்றம் அதை நடத்த வேண்டும் என்று முடிக்கிறார். நான்கு கேள்விக்கும் விடை இந்த ஒரு கட்டுரையிலேயே இருக்கிறது. முதலில் இதை வாசிக்கச் சொல்வது அதனால்தான்.

பத்தாவதில் மொழி இடறும். மடிசன் அஞ்சுவது நம் பொருளில் 'கட்சி'க்கு அல்ல, கன்னைக்கு. பெரும்பான்மையோ சிறுபான்மையோ, ஏதோ ஓர் உணர்ச்சியாலோ நலனாலோ ஒன்றுபட்டு மற்றவர் உரிமைக்கோ பொது நலனுக்கோ எதிராக நிற்கும் கூட்டம் அது. 'குடியரசு' என்ற சொல்லும் அப்படித்தான். 1972 மே 22இல் நாம் குடியரசானோம் என்றால் பிரித்தானிய முடி போனது என்று பொருள். 39ஆம் கட்டுரையில் அது வேறு. அதிகாரம் எல்லாம் நேராகவோ சுற்றியோ மக்களிடமிருந்து வர வேண்டும்; பதவியில் இருப்பவர் நியமித்தவர் விரும்பும் வரைக்கோ குறித்த காலத்துக்கோ நன்னடத்தை உள்ளவரைக்குமோதான் இருக்க வேண்டும். அந்த 'மக்கள்' கணக்கில் அடிமைகள் ஐந்தில் மூன்றாக எண்ணப்பட்டதையும் 54ஆம் கட்டுரை அதற்குச் சமாதானம் தேடுவதையும் மறைக்காதீர்கள். மறைத்தால், கெட்டிக்கார மாணவர் ஒருவர் எடுத்துப் போடுவார், வட்டத்தின் நம்பகம் போய்விடும்.

மூன்றாம் மாலை: தலைகீழ்ப் படம்

இப்போது ஒரு பெரிய தாளில் குறுக்காக ஐந்து வரி, நெடுக்காக மூன்று நிரை கீறுங்கள். ஐந்து வரிகளும் 39ஆம் கட்டுரையில் மடிசன் வைக்கும் ஐந்து சோதனைகள்: அரசியலமைப்பை அங்கீகரித்தது யார், அதிகாரங்கள் யாரிடமிருந்து வருகின்றன, அவை யார் மேல் செயற்படுகின்றன, எவ்வளவு தூரம் செல்கின்றன, திருத்துவது யார். முதல் நிரை அமெரிக்கா, இரண்டாவது இலங்கை, மூன்றாவது சந்தேகங்கள்.

இலங்கை நிரையை நிரப்பும்போது வாய்ப்பாடாகச் சொல்வதை ஏற்காமல் உறுப்புரை இலக்கம் கேளுங்கள். 2ஆம் உறுப்புரை நாட்டை ஒற்றையாட்சி அரசு என்கிறது. 1987 நவம்பர் 14இல் சான்றுப்படுத்தப்பட்ட 13ஆம் திருத்தம் மாகாண சபைகளைக் கொண்டுவந்தது. ஒன்பதாம் அட்டவணையில் மூன்று நிரல்கள். துறைமுகம் மத்திக்கு மட்டுமான ஒதுக்கிய நிரலில் இருக்கிறது. அதாவது இந்த ஊரின் அடையாளமான இயற்கைத் துறைமுகத்தில் மாகாணத்துக்குச் சொல்ல ஒன்றுமில்லை. 'எல்லா விடயங்கள் மீதான தேசியக் கொள்கை'யும் ஒதுக்கிய நிரலில்தான். அந்த ஒரு வரியை எல்லோரும் இரண்டு தரம் வாசிக்கட்டும். 45ஆம் கட்டுரையில் மத்தியின் அதிகாரம் குறைவானது, வரையறுக்கப்பட்டது என்று மடிசன் உறுதி தருகிறார். இங்கே அந்த வரையறையின் விளிம்பில் ஒரு திறந்த கதவு.

51ஆம் கட்டுரையை இதோடு சேர்த்து வாசியுங்கள். மனிதனின் சொந்த நலனை அவன் இருக்கும் பதவியின் உரிமையோடு கட்டிவிட வேண்டும், அப்போதுதான் ஒரு பதவியின் ஆசை இன்னொன்றின் ஆசையைத் தடுக்கும் என்பது அதன் நுட்பம். ஆளுநரை இதில் போட்டுப் பாருங்கள். ஜனாதிபதி நியமிக்கிறார், ஜனாதிபதி விரும்பும் வரை பதவி (154ஆ). மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரம் அவரிடம் (154இ). அவருடைய நலன் எந்த நாற்காலியோடு கட்டப்பட்டிருக்கிறது? கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பரில் முடிந்தபின் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் நடக்காமல் ஆளுநர் நிருவாகமாகவே போனதற்கான காரணத்தில் ஒரு பாதியாவது இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

அடுத்தது கசப்பான பகுதி. சமூகம் சிறிதானால் பெரும்பான்மை இலகுவாக ஒன்றுசேர்ந்து சிறுபான்மையை நசுக்கும், பரப்பு பெரிதானால் கன்னைகள் பெருகி ஒன்றையொன்று மட்டுப்படுத்தும் என்பது பத்தாவது கட்டுரையின் வாதம். இதை மாகாணத்துக்கு எதிராகவும் திருப்பலாம். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்ற மூன்று சமூகங்களில் எதுவும் பாதியைத் தாண்டாத மாவட்டம் இது. கிண்ணியாவிலிருந்தும் கந்தளாயிலிருந்தும் வந்தவர்கள் 'அப்ப எங்கட நிலை என்ன?' என்று கேட்கும் இடம் இதுதான். கேட்கட்டும். மடிசனுக்கு மறுப்பும் உண்டு. அவர் நம்பியது அடிக்கடி மாறும் நலன்களை. பிறப்பால் நிலைத்த பிளவு பரப்பு கூடினாலும் கரையாது. இரண்டு பக்கத்தையும் தாளில் எழுதுங்கள், தீர்ப்பு வேண்டாம்.

அடிக்கடி பிழைக்கும் இடங்கள்

'சமஷ்டி பேசினால் ஆறாம் திருத்தம் பிடிக்கும்' என்று யாரோ பின்வாங்குவார். 1983இல் வந்த அந்தத் திருத்தம் தடுப்பது தனிநாட்டை. சமஷ்டி கோருவது பிரிவினை ஆகாது என்று உயர் நீதிமன்றம் 2017 ஓகஸ்டில் தீர்ப்பளித்திருக்கிறது.

84இல் உரிமைப் பட்டயம் தேவையில்லை என்று ஹமில்டன் வாதிடுவதை அப்படியே விழுங்குவது இன்னொரு பிழை. அந்த வாதம் தோற்றது. 1791 டிசம்பர் 15இல் பத்துத் திருத்தங்கள் வந்தன. அதற்காக எழுதிவைத்த உரிமையே போதும் என்றும் இல்லை. எழுத்து மதில் மட்டும் காக்காது என்று 48இல் மடிசன் சொன்னதற்கு நம்மிடமே சான்று உண்டு. 1972 வரை இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29(2) பிரிவு சமூகப் பாரபட்சச் சட்டங்களைத் தடுத்தது. ஆனாலும் மலையகத் தமிழரின் பிரசாவுரிமையைப் பறித்த சட்டங்கள் 1953இல் கோடக்கன் பிள்ளை வழக்கில், அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை தப்பிப் பிழைத்தன. 78ஆம் கட்டுரையை, நீதிமன்றத்திடம் வாளும் இல்லை பணப்பையும் இல்லை என்ற வாதத்தை, இந்த வழக்கோடு வைத்து வாசித்தால் அரை மணித்தியாலம் போவதே தெரியாது.

கடைசி மாலை புரூட்டஸுக்கு. தூரத்து அரசு மக்களை அறியாது, மாநிலங்களை மெல்ல விழுங்கும் என்ற அவருடைய பயம் நம் காதுக்குப் பப்ளியஸை விடப் பழக்கமாக ஒலிக்கும். ஆட்களை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கமும் தனக்கு உடன்பாடில்லாத தரப்பைப் பதினைந்து நிமிடம் வாதாடட்டும், பிறகு இரகசிய வாக்கு. முடிவை அறிவிக்குமுன் நியூயோர்க் கணக்கைச் சொல்லுங்கள். அரசியலமைப்பை ஏற்பதா என்று முடிவெடுக்கக் கூடிய அந்த மாநில மாநாட்டுக்கு எதிர்ப்பாளர் 46, ஆதரவாளர் 19 என்றே தெரிவாகினர். 1788 ஜூலை 26இல் 30க்கு 27 என்று நிறைவேறியது. அதற்குள் வேறு பத்து மாநிலங்கள் ஏற்றிருந்தன, ஒன்பதே போதுமாயிருந்தது. கட்டுரைகள்தான் மனதை மாற்றின என்று யாராவது சொன்னால் இந்த இலக்கங்களைத் தாளின் சந்தேக நிரையில் எழுதிவிடுங்கள்.