ஏசி இல்லாத ஊரில் ஏசி மெக்கானிக்

சவூதியின் தம்மாம் நகரத்தில் 11 வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு கோத்தகிரிக்குத் திரும்பியவன் நான். இங்கே யார் வீட்டில் ஏசி இருக்கிறது? "ஸ்வெட்டர் கடை போட்டாக்கூட ஓடும் மாப்ள, இது ஓடாது" என்றார் மாமா. அவர் சொன்னதில் பாதி சரி.

என்னைப் போல சவூதியிலிருந்து ஊர் திரும்பித் தொழில் தொடங்க நினைப்பவர்களுக்கு, முதல் வேலை அங்கே இருக்கும்போதே இருக்கிறது. அங்கே சர்வீஸ் பணம், அதாவது வேலையை விட்டு வரும்போது கம்பெனி தரும் பணம், முதல் 5 வருஷத்துக்கு, வருஷத்துக்கு அரை மாதச் சம்பளம். அதற்குமேல் வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம். நாமாக வேலையை விட்டால் 10 வருஷம் முடிந்திருந்தால்தான் முழுசாக வரும். 5 முதல் 10 வருஷத்துக்குள் என்றால் மூன்றில் இரண்டு பங்குதான். ஒன்பதரை வருஷத்தில் ஃபோர்மேன் மேல் கோபப்பட்டு எக்ஸிட் அடித்துவிட்டு (வேலையை ஒரேயடியாக முடித்துக்கொண்டு) வராதீர்கள். ஊர் வந்ததும் என்ஆர்இ கணக்கை (வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களுக்கான வங்கிக் கணக்கு) சாதாரணக் கணக்காக மாற்றச் சொல்லி வங்கியில் எழுதிக் கொடுங்கள்.

அப்புறம், மூன்று மாதம் பணத்தைத் தொடாமல் மலையைச் சுற்றுங்கள். நான் நல்ல சட்டை போட்டுக்கொண்டு ஹோட்டல் ஹோட்டலாக விசிட்டிங் கார்டு கொடுத்தேன். ஒரு போன்கூட வரவில்லை. மே மாதம் ஒரு சாயங்காலம், சாக்லேட் கடை ஒன்றின் ஃப்ரீசர் நின்றுபோய், கோயம்புத்தூரிலிருந்து ஆள் வர மறுநாள் ஆகும் என்றார்கள். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது: மலைக்கு ஏசி வேண்டாம், ஆனால் பேக்கரி, கறிக்கடை, பால், காளான் என்று குளிர்பெட்டி இல்லாத இடமே இல்லை. நீங்கள் கற்ற தொழிலில் எந்தப் பகுதி இங்கே செல்லும் என்று தேடுங்கள்.

தெரிந்த தொழிலையே மறுபடி படிக்கவும் வேண்டியிருக்கும். அங்கே கம்ப்ரசரைக் கொன்றது வெயிலும் மணலும். இங்கே ஈரம், வோல்டேஜ், வயரைக் கடிக்கும் எலி. டிசம்பர் உறைபனியில் வீட்டு ஃப்ரிட்ஜில் மேலே இருக்கும் ஐஸ் உருகுகிறது என்று கூப்பிடுவார்கள். ரிப்பேரே இருக்காது. அறையே குளிர்ந்து கிடப்பதால் தெர்மோஸ்டாட் கம்ப்ரசரை ஓட விடுவதில்லை, அவ்வளவுதான். இது தெரியாமல் முதல் வருஷம் ஒருவருக்கு கேஸ் ஏற்றிக் காசு வாங்கினேன். பிறகு போய்த் திருப்பிக் கொடுத்தேன்.

கடன் விஷயத்தில் நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்டம் போடலாம். பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள் போன்றோருக்குக் கிராமப்புறத்தில் 35 சதவீதம் மானியம். கைக்காசு 5 சதவீதம் போதும். ஆனால் புதிய தொழிலுக்கு மட்டும்தான். நான் கடையைத் திறந்து, பூஜை போட்டு, போர்டும் மாட்டிவிட்டு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனேன். சரி, போகட்டும் என்று சிறுதொழில்களுக்கான முத்ரா கடனில் டூல்ஸ் வாங்கினேன். பிரதமர் திட்டத்தின் மானியமும் கையில் வராது. 3 வருஷம் வங்கியிலேயே நின்று, பிறகுதான் கடனில் கழியும். அதை நம்பி வீட்டு மாடி கட்ட ஆரம்பிக்காதீர்கள்.

ஹோட்டல்காரர்களிடம் வருஷப் பராமரிப்பு ஒப்பந்தத்தை பிப்ரவரியில் பேசி, பாதிப் பணத்தை மே முடிவதற்குள் வாங்கிவிடுங்கள். ஜூலை மழையில் போய் நின்றால் டீ மட்டும்தான் கிடைக்கும்.