மார்கழி வாசலில் வில்சன் சொர்க்கப் பறவை

வைத்திக்குப்பத்தில் எங்கள் வாசலில் மயில், கிளி, அன்னம் எல்லாம் பல வருஷமாகப் போட்டாயிற்று. போன மார்கழியில் வில்சன் சொர்க்கப் பறவையைப் போட்டேன். எப்படி என்று நிறையப் பேர் கேட்டார்கள்; சொல்கிறேன்.

முதல் வேலை வாசலைப் பெருக்குவது. இந்தோனேசியாவில் வைகியோ, பட்டன்டா என்ற இரண்டு தீவுகளின் காடுகளில் மட்டுமே வாழும் பறவை இது. ஆண் பறவை காட்டுத் தரையில் ஓர் இடத்தைப் பிடித்து, அங்கே விழும் இலைகளை ஒவ்வொன்றாக அலகால் கவ்வி எறியும். தரை வெறுமையாக இருந்தால்தான் அதன் நிறம் பெண்ணின் கண்ணில் படும். அதனால் சாணி தெளித்து, ஈரம் நன்றாக இழுத்த பிறகே பொடியைத் தொடுங்கள். ஒரு தடவை அவசரப்பட்டேன். சிவப்பு கசிந்து மஞ்சளோடு கலந்துவிட்டது. பறவையைச் சுற்றி ஒரு முழத்துக்குப் பூவும் வேண்டாம், கொடியும் வேண்டாம். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பக்கவாட்டில் வரைய வேண்டாம். பெண் பறவை மேலே குச்சியில் உட்கார்ந்து கீழே பார்க்கும். ஆண் நிமிர்ந்து, மார்பிலுள்ள பச்சைக் கவசத்தை அவளுக்குத் தெரிகிற மாதிரி விரிக்கும். அவள் பார்ப்பதைத்தான் நாம் போட வேண்டும்: முன்னால் விசிறி போலப் பச்சை, அப்புறம் நீலத் தலை, மஞ்சள் பிடரி, சிவப்பு முதுகு, கடைசியில் வால்.

தலையில் தெரியும் நீலம் இறகல்ல, வெறும் தோல். அதன்மேல் மெல்லிய கறுப்பு இறகுக் கோடுகள் குறுக்கே ஓடும். நீலத்தை டீ வடிகட்டியால் ஒரே சீராகத் தூவி, கோடுகளை அடுப்புக்கரித் தூளால் இழுங்கள். பச்சைக்கும் கரியால் ஓரம் கட்டினால்தான் பளிச்சென்று இருக்கும். எங்கள் பக்கம் காற்று அதிகம் என்பதால் கலர்ப்பொடியில் கொஞ்சம் தூள் உப்பு சேர்ப்பேன், பறக்காது.

வாலில் இரண்டு ஊதா இறகுகள், எதிரெதிர்ப் பக்கமாகச் சுருண்டிருக்கும். சிக்குக் கோலச் சுழி போடத் தெரிந்தவர்களுக்கு இது சுலபம். கையை எடுக்காமல் ஒரே இழுப்பில் முடியுங்கள். நடுவில் நிறுத்தினால் கனம் மாறிவிடும்.

முடித்ததும் மாடிக்குப் போய்ப் பாருங்கள். கவசம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், பால்காரர் சைக்கிள் தெருமுனை திரும்புவதற்குள் இறங்கி வந்து ஈரத்துணியால் ஒற்றிச் சரிசெய்துவிடலாம்.